சாந்தம் சாரின் ரேடியேட்டர்

"சின்ன ரேடியேட்டரே போதும், தம்பி. ஃபேன் வேகமா சுத்தட்டும்" என்றாள் அந்த அம்மா.

கம்ப்யூட்டர் கடைக்காரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"வேகமா சுத்தினா இரைச்சல் காதைப் பிளக்கும்மா. பெரிய ரேடியேட்டர்னா, கம்ப்யூட்டர் சூட்டை இழுத்துட்டு வர்ற தண்ணி சீக்கிரம் ஆறிடும். ஃபேன் எல்லாம் மெதுவா சுத்தினாலே போதும். ஓடுறதே தெரியாது."

"ஓடுறது தெரியணும்."

பக்கத்தில் நின்ற அவள் கணவர் புன்னகைத்தார். இணையத்தில் அவருக்குச் 'சாந்தம் சார்' என்று பெயர். கோபத்தை அடக்குவது எப்படி என்று தினமும் நேரலையில் பேசுவார். கடைக்காரனே அவர் பேச்சை விடாமல் கேட்பவன். பின்னால் கம்ப்யூட்டர் போடும் இரைச்சல்தான் ஒரே குறை.

"அவளுக்கு இதெல்லாம் புரியாது, தம்பி. நீங்க பெருசையே எடுங்க" என்றார், தேன் தடவிய குரலில்.

"விலையைப் பார்க்கறீங்களாம்மா? குறைச்சுத் தர்றேன்."

"விலை கிடக்கட்டும். சத்தம் வர்றதாக் குடு."

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று கடைக்காரன் மனதுக்குள் உச்சுக்கொட்டினான். பெரிய ரேடியேட்டரையே எடுத்து வைத்தான்.

மறுநாள் அவனே வீட்டுக்குப் போய் மாட்டினான். கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த அறையில் சுவர்க்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. சாந்தம் சார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நேரலைக்கு உட்கார்ந்தார்.

சூடு ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போகலாம் என்று கடைக்காரன் கூடத்தில் காத்திருந்தான். சும்மா இருப்பானேன் என்று தன் செல்போனில் அவர் பேச்சைப் போட்டான்.

"வெளியில எல்லார்கிட்டயும் நல்லாப் பேசறோம். வீட்டுல இருக்கறவங்ககிட்டதானே முதல்ல அன்பாப் பேசணும்?" என்று உருகிக்கொண்டிருந்தார் சார். கை மட்டும் கேமராவுக்குக் கீழே, கதவருகே நின்ற மனைவியிடம் தண்ணீர் கேட்டு ஜாடை காட்டியது.

அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வாய் குடித்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார். "சனியனே, வெந்நீர்னு எத்தனை தடவை சொல்லித் தொலைக்கறது? உன்னைக் கட்டிக்கிட்டு அழறேன் பாரு, என்னைச் சொல்லணும்."

திரும்பவும் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கடைக்காரனின் செல்போனில் அது ஓர் எழுத்து பிசகாமல் கேட்டது. ரசிகர்கள் அனுப்பித் திரையில் பறந்துகொண்டிருந்த இதயக் குறிகள் நின்றுபோயின. 'சார், இப்ப யாரைத் திட்டினீங்க?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன்கீழ் அதே கேள்வியை இன்னும் பலர் கேட்கத் தொடங்கினார்கள்.

கடைக்காரன் நிமிர்ந்தான். அதே தண்ணீர் டம்ளரோடு அந்த அம்மா எதிரில் நின்றிருந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை.

"இத்தனை வருஷமா அந்த இரைச்சல்தான் தம்பி இவர் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு."