மேலே கேட்காது

"நீங்களும் ஏறி வாங்களேன்" என்றாள் மனைவி.

"நீ போய்ப் பாரு. நான் கீழே நின்னு கூப்பிடறேன். மேலே கேக்காதுன்னு அப்பவாவது நம்புவே."

கணவர் முன்பு வேலை பார்த்த பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறி அவள் எட்டிப் பார்த்தாள். கீழே அவர் வாயருகே கை குவித்து, உடம்பை வளைத்துக் கூப்பிடுவது தெரிந்தது. காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கி வந்தவள் உருகிப்போனாள். "நீங்க சொன்னது உண்மைதாங்க! அப்பல்லாம் தினமும் சாப்பாட்டோட வந்து கத்துவேன், மேலே விளக்கைத் துடைச்சுக்கிட்டு வேணும்னே இறங்காம இருக்கீங்கன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேனே!"

"விடு, விடு" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார்.

அவருக்கு டீ வாங்க அவள் நகர்ந்ததும், டிக்கெட் கொடுப்பவர் நெருங்கி வந்தார். "அண்ணே, சத்தமே போடாம வாயை மட்டும் அசைச்சீங்களே, ஏன்?"

"மெதுவாப்பா! மேலே வரைக்குமே எல்லாம் நல்லாக் கேக்கும். டீக்கடை பக்கத்துலதானே இருக்கு!"