இல்லை சார்

“ரிட்டயர் ஆகற கடைசி நாள்லயும் இல்லைன்னுதான் சொல்லப் போறீங்களா சார்?”

தகவல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “உட்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?”

சட்டப் பேராசிரியைக்கு எரிச்சலாக வந்தது. அரசாங்கம் மூடி வைப்பதைத் திறந்து காட்டுவதுதான் அவளுடைய வாழ்நாள் வேலை. அதற்கு முட்டுக்கட்டையாக இருந்தவர் இந்த மனிதர். தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்டாலும் மறுப்பார். அவள் கோர்ட்டுக்குப் போவாள், ஜெயிப்பாள், அதையே வகுப்பில் பாடமாகவும் நடத்துவாள். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘இல்லை சார்’.

“டீயெல்லாம் வேண்டாம். பிரசவ ஆஸ்பத்திரியை ஏன் மூடினாங்கன்னு ஒரு அறிக்கை இருக்கே, அதைக் கொடுங்க. வலி எடுத்த பொண்ணுங்க ரெண்டு பஸ் மாறிப் போறாங்க சார்.”

“தெரியும். என் மகளும் அப்படித்தான் போனா.”

“அப்புறம் என்ன? இன்னும் நாலு ஆஸ்பத்திரியை மூடப் போறாங்களாம். நாளைக்கு உங்க நாற்காலிக்கு வர்றவர் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவர். அவர் மறுத்தா எந்தக் கோர்ட்லயும் அசைக்க முடியாது. போற நேரத்துல ஒரு நல்லது பண்ணிட்டுப் போங்களேன்.”

அவள் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

மறுப்புதான்.

“கல்நெஞ்சு சார் உங்களுக்கு” என்றபடி வாங்கிப் படித்தவள், கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டாள். “என்ன சார் இது? ‘கேட்பவர் அந்த மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டவர் அல்லர்.’ சம்பந்தப்பட்டவங்கதான் கேக்கணும்னு இல்ல, யார் வேணா கேக்கலாம்னு என் முதல் கேஸ்லயே கோர்ட் சொல்லிடுச்சே! இத்தனை வருஷத்துல உருப்படியா ஒரு காரணம் எழுதியிருக்கீங்களா? முதல் வருஷப் பசங்களே ஊதித் தள்ளிடுவாங்க. நாளைக்கே அப்பீல் போறேன்.”

“முதல் வேலையா அதைச் செய்யுங்க மேடம்.” அவர் எழுந்து, டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தார். “நான் கொடுத்தா உங்க கைக்கு ஒரு அறிக்கை வரும். மூடப் போற மத்த நாலு ஆஸ்பத்திரி அறிக்கையையும் நாளைக்கு வர்றவர் பூட்டி வெச்சுடுவார். கொடுன்னு கோர்ட் தீர்ப்பு சொன்னா, இந்த நாற்காலியில யார் உட்கார்ந்தாலும், யார் கேட்டாலும் கொடுத்தே ஆகணும்.”

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

வாசல் வரை போனவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“உருப்படியா மறுக்க எனக்கும் தெரியும் மேடம். அப்படி மறுத்திருந்தா, நீங்க ஒரு கேஸாவது ஜெயிச்சிருப்பீங்களா?”