நடுத்தெரு வழியாக

“இங்கேயே நிறுத்துங்க சார். மீதியை நடந்தே போயிடலாம்.”

ஜீப் தெருமுனை மருந்துக்கடை முன்னால் நின்றது. முன் இருக்கையிலிருந்த இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு? பின்பக்கச் சந்துல போனா நேரா உங்க வீட்டுக் கொல்லைக் கதவு. ஒரு ஈ காக்கா பார்க்காது.”

“ஈ காக்கா பார்க்கணும் சார்.”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டபடி இறங்கினார். கான்ஸ்டபிள் பின்கதவைத் திறந்துவிட, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எட்டு வருடங்களுக்கு முன்புவரை அந்தத் தெருவுக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். தெருக்காரர்கள் அவரைக் ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடைவீதியிலிருந்த நகைக்கடையில் யாரோ அலாரம் வயரை வெட்டிவிட்டுக் கொள்ளையடித்தார்கள். போலீஸ் அந்த அலாரத்தைப் பொருத்தியவரையே வந்து பிடித்தது. இதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் விலங்கு மாட்டி, தெரு முழுக்க நடத்தியே கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பாதி வீடுகளில் பூட்டை மாற்றிவிட்டார்கள்.

இப்போது கையில் விலங்கு இல்லை. ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், இன்னொரு பக்கம் கான்ஸ்டபிள். மூன்று பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்தார். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“நம்ம கரண்ட்டுதானே அது?”

“அவன்தான்க்கா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “நகையை எங்க புதைச்சு வச்சேன்னு காட்டக் கூட்டிட்டு வர்றாங்க போல.”

“எட்டு வருஷம் கழிச்சா?”

“வாங்கின அடி இப்பத்தான் வேலை செஞ்சிருக்கும்.”

மாடியில் சிரிப்பு கேட்டது. இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது.

“கொஞ்சம் வேகமா நடங்களேன்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அன்னிக்கு ஒண்ணும் நீங்க ஓடலையே சார். செருப்பு மாட்டக்கூட விடலை, ஆனா ஆற அமரத்தான் கூட்டிட்டுப் போனீங்க.”

“அன்னிக்கு நான் வெறும் சப்-இன்ஸ்பெக்டர். மேலிடத்துல சொன்னதைச் செஞ்சேன்.”

“இன்னிக்கும் அதைத்தானே செய்றீங்க? சொன்னபடி செய்யுங்க. இந்தத் தெருவுல நான் ஒரு தடவை நிமிர்ந்து நடக்கணும். அவ்வளவுதான்.”

ஒரு வீட்டு வாசலில் அவர் நின்றார். கேட்டுக்குப் பின்னால் ஒரு பெண்மணி பக்கெட்டோடு நின்றிருந்தார்.

“நல்லா இருக்கீங்களா அக்கா? வாசல் லைட் பட்டப்பகல்ல எரியுதே. சுவிட்ச் போயிருக்கும், மாத்திடுங்க.”

அந்த அக்கா கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கரண்ட்டின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நடையைக் கொஞ்சம்கூட மாற்றாமல் மேலே நடந்தார்.

தெரு கூடிவிட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ ஒருவர் பாதிச் சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்து நின்றார்.

கரண்ட்டின் மனைவி தங்கள் வீட்டு முன்வாசலில் காத்திருந்தார். பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்ததால் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கணவர் கைதான பிறகு இந்தத் தெருவிலிருந்து ஒரு ரவிக்கைகூடத் தைக்க வரவில்லை. மூன்று தெரு தள்ளிப் போய்த் துணி வாங்கி வந்துதான் குடும்பத்தை ஓட்டினார். அவர் அழவில்லை. கணவரையும் போலீஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. சுவர் ஓரமாக வந்து குனிந்தார்.

“எத்தனை மணிக்கும்மா திரும்ப ஜீப்புல ஏத்துவாங்க? ஒரு வாய் சாப்பிடவாவது விடுவாங்களா?”

“எனக்கென்னண்ணே தெரியும்? அவங்களையே கேளுங்க.”

வங்கிக்காரர் சுவரை விட்டு ஓரடி பின்வாங்கினார். வீட்டு வாசற்படியை அடைந்ததும் இன்ஸ்பெக்டர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

“சத்தமா சார். மருந்துக்கடை வரைக்கும் கேட்கணும்.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை குரல் தெருமுனை வரை போனது.

“இவர் எந்தத் தப்பும் செய்யலைன்னு கோர்ட்டு விடுதலை பண்ணிடுச்சு. தப்பு செஞ்சது நாங்க. இவர்கிட்டயும் இந்தக் குடும்பத்துக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

வங்கிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்போ... அரசாங்கம் நஷ்டஈடு ஏதாவது கொடுக்குமாம்மா?”

“பணம் தர்றாங்கண்ணே. அது போக வேற என்ன வேணும்னு ஜட்ஜ் கேட்டாராம்,” என்றார் மனைவி, ஒவ்வொரு மாடியையும் நிதானமாகப் பார்த்தபடி. “‘கூட்டிட்டுப் போன ஆளே, கூட்டிட்டுப் போன வழியிலயே கொண்டுவந்து விடணும்’னு இவர் கேட்டிருக்கார். நேத்து இந்த இன்ஸ்பெக்டர் ஊர்ல இல்லை, வேற ஆளை அனுப்புறோம்னு சொன்னதுக்கு, அவர் வர்ற வரைக்கும் இன்னும் ஒரு ராத்திரி ஜெயில்லயே இருந்துக்கறேன்னு இருந்துட்டு வந்திருக்கார்.”