யார் பார்த்தது?

“அந்தச் சரளாவை இப்பவே இங்க கூப்பிடுங்க. இன்னிக்கு அவ வேலையை விட்டுப் போனாத்தான் நான் இங்கிருந்து போவேன்.”

குழந்தைகள் காப்பகத்தின் ஆபீஸ் அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள் அம்ருதா. வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் பாதி மீட்டிங்கில் எழுந்து வந்தவள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஸ்வல்ப, கொஞ்சம் உக்காருங்க மேடம்,” என்றாள் காப்பகத்தை நடத்தும் டோரதி.

“உக்கார வரல. இதைப் பாருங்க.”

கைப்பேசியை நீட்டினாள். காப்பகத்துக் கேமரா காட்டும் காட்சி அது. அவளுடைய பதிமூன்று மாதப் பிள்ளை ஷ்ரேயாஸ் பொம்மை அலமாரியைப் பிடித்து எழுந்தான். கையை விட்டான். ஒரு காலைத் தூக்கினான். அதற்குள் ஆயா சரளா ஓடிவந்து அவனை அள்ளிப் பாயில் உட்கார வைத்துவிட்டாள். மறுபடி எழுந்தான். மறுபடி உட்கார வைத்தாள்.

“ஒரு மணி நேரத்துல நாலு வாட்டி. இன்னும் நடக்கலையேன்னு நான் டாக்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வரேன். இங்க என்னடான்னா எழுந்திருக்கவே விடறதில்ல. நடந்தா பின்னாடி ஓடணுமே, அந்தச் சோம்பேறித்தனம்.”

டோரதி உள்ளே குரல் கொடுத்தாள். ஷ்ரேயாஸை இடுப்பில் வைத்துக்கொண்டு சரளா வந்தாள். தினமும் ஆனேக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். மற்ற நாட்களில் அம்ருதா அவளை ‘சரளாக்கா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நடக்கப் போற குழந்தையை எதுக்கு உட்கார வெச்ச?”

சரளா கைப்பேசியைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். “தப்புதாம்மா.”

“தப்புன்னு எனக்கே தெரியும். ஏன்னு கேட்டேன்.”

சரளா பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

“ரெண்டு நாளா, வீட்டுக்குப் போனதும் தரையில விட்டுப் பாருங்கம்மான்னு எனக்குப் புத்தி வேற. இந்த டிராபிக்ல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவன் தூங்கிடறான்னு உனக்குத் தெரியாதா?”

அம்ருதாவுக்குப் பையில் அவள் எப்போதும் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. பிள்ளையார் சுழி போட்டு மூன்று கட்டம் கட்டியிருந்தாள்: என்ன செய்தான், எந்தத் தேதி, யார் பார்த்தது. குப்புற விழுந்தது, அம்மா. அதன் பிறகு பிரசவ லீவு முடிந்துவிட்டது. தவழ்ந்தது, சரளா. முதல் பல், சரளா. கை தட்டியது, சரளா.

பல் வந்த அன்று சரளா வாசல் கேட்டுக்கே ஓடிவந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். அம்ருதாவும் சிரித்தாள். பிறகு காரை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரளா கண்ணாடியைத் தட்டி, “ஏம்மா?” என்றபோது, “தூசிக்கா,” என்றாள். மறுநாள் பல் கொழுக்கட்டை செய்து முதல் டப்பாவைச் சரளாவுக்குத்தான் கொடுத்தாள். அந்தக் கையா இந்தக் காரியம் செய்தது?

“இன்னும் என்ன இடுப்புல? கீழ விடு அவனை.”

“நீங்க அங்க தரையில உக்காருங்கம்மா. அப்பத்தான் வருவான்.”

“நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம்.”

சொல்லிக்கொண்டே அம்ருதா முழங்காலிட்டாள். சரளா பிள்ளையை எதிரே நிறுத்திக் கையை எடுத்தாள். ஷ்ரேயாஸ் ஆடினான். ஒரு அடி. இன்னொன்று. பிறகு நாலு அடியை ஒன்றாக ஓடி, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் மேல் விழுந்தான்.

அம்ருதா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சரளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நடந்துட்டாம்மா. உங்க கண்ணு முன்னாடி,” என்றாள்.

“நீ தடுக்காம விட்ட மறு நிமிஷம் நடந்தான். பாத்தீங்களா டோரதி?” நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் அடி. வியாழக்கிழமை. யார் பார்த்தது என்ற கட்டத்தில், பேனா அழுந்த எழுதினாள்: அம்மா.

டோரதி பெருமூச்சு விட்டாள். “சரளா, சாயந்திரம் கணக்கை முடிச்சிக்கோ. வேற என்ன பண்றது?”

“சரிங்க மேடம்.” அவள் கெஞ்சவில்லை.

அந்த அமைதிதான் அம்ருதாவுக்கு மேலும் எரிந்தது. “எத்தனை நாளா இது நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். திங்கட்கிழமையிலேர்ந்து போடுங்க.”

சரளா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “வேணாம்மா. நான் போயிடறேன். அதை மட்டும் பாக்காதீங்க. சாமி சத்தியமா புள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல.”

“அப்ப ஏன் பயப்படற? போடுங்க டோரதி.”

டோரதி கம்ப்யூட்டரில் திங்கட்கிழமைக் காட்சியை ஓட்டினாள். காலை பதினொன்றே கால். ஷ்ரேயாஸ் பொம்மை அலமாரியிலிருந்து கையை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து அடி நடந்து சரளாவின் மடியில் போய் விழுந்தான்.

திரையில் சரளா அவனைத் தூக்கிச் சுற்றினாள், ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்தாள், எண்ணை அழுத்தப் போனவள் அப்படியே நின்றாள். பிறகு அதை வைத்துவிட்டு, பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, அவன் பாதங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்பதுபோல் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.