பாட்டு வராத போன்

செண்பகவல்லியைப் போனில் கூப்பிடுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு முருகன் பாட்டு கேட்கும். அவள் கணவன் வைத்துக்கொடுத்தது. பயிற்சிக்காகக் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கப்போவதாக அவனிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறியவள், எண்ணை மாற்றினால் சந்தேகம் வரும் என்று ஊர் சிம்மோடுதான் வளைகுடாவில் வந்து இறங்கியிருந்தாள். மறுநாள் காலை தங்கை கூப்பிட்டாள். "அக்கா, பாட்டு வரலையே. வெளிநாட்டுக்குப் போட்டா அடிக்குமே, அந்த மணில்ல அடிக்குது." செண்பகவல்லி போனை அணைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் திரையில் கணவன் பெயர் வந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அடிக்க அடிக்க அவன் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே இருப்பான் என்று உறைத்தபோது, அவன் முறுக்கி இன்னும் எலும்பு கூடாத வலது கையை மடியில் கிடத்திவிட்டு, இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"கேட்டீங்களா சித்தப்பா? நீங்க கல்ஃப்ல வேல பாத்தவராச்சே" என்றான், பக்கத்தில் இருந்தவரிடம்.

"அந்த ஊரு மணியேதான்" என்றது ஒரு கிழக்குரல்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு வெகு பிரியமாகக் கேட்டான்.

"செண்பகம், கோயம்புத்தூர்ல மழையாம்மா?"