கறுப்புக் கோடு

"என்னைப் பத்தின ஃபைலை நானே பார்க்கக் கூடாதா?"

முதியோர் இல்லத்தின் அலுவலகத்துக்குள் பொங்கிக்கொண்டு வந்தார் பத்தாம் அறைப் பெரியவர்.

"தாராளமா பாருங்க ஐயா. புகார் கொடுத்தவங்க பேரை மட்டும் அழிச்சிருக்கேன்" என்று ஃபைலை நீட்டினாள் ரெக்கார்டு கிளார்க்.

ஒவ்வொரு புகாரின் கீழேயும் பெயர் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. பெரியவர் அதை விரலால் அளந்தார்.

"கோடு சின்னதா இருக்கு. அப்போ பேரும் சின்னப் பேருதான்!"

"எல்லாக் கோட்டையும் ஒரே அளவாத்தான் போடுவேன் ஐயா."

"கெட்டிக்காரிதான்! விடியக்காலைல ரெண்டு பாட்டு பாடினா இவங்க குடியா முழுகிப் போகுது? ஆள் மட்டும் தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்!"

'தூக்கம் கெடுகிறது.' 'காது வலிக்கிறது.' 'சுருதியே சேரவில்லை.' படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. சட்டென்று கடைசித் தாளைப் புரட்டினார்.

'மூன்று நாளாகப் பாட்டுச் சத்தமே இல்லை. என் புகார்களால் நிறுத்திவிட்டாரா, உடம்புக்கு முடியவில்லையா? தயவுசெய்து உடனே போய்ப் பாருங்கள்.'

அதன் கீழேயும் கறுப்புக் கோடு.

போன வாரம் ஜுரத்தில் எழ முடியாமல் கிடந்தபோது, கூப்பிடாமலே நர்ஸ் ஓடி வந்தது அவருக்கு நினைவு வந்தது. கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"இந்தக் கறுப்புக் கோட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றியாம்மா?"

"பேரைத் தவிர எதை வேணா கேளுங்க ஐயா."

"நாளைக்கு எந்தப் பாட்டு பாடட்டும்?"