அணைக்கக் கூடாத மோடம்

ஏழு மணி நேரம் மோடம் அணைந்திருந்தது. அந்த வீட்டில் பொன்செல்வி தாழிட்டுக்கொள்ள முடிந்த இடம் தன் படுக்கையறை மட்டும்தான். அங்கே மோடத்தின் சூட்டில் கரப்பான்பூச்சிகள் குஞ்சு பொரித்திருந்தன. அருவருப்பில், படுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டாள்.

விடிந்ததும் மாமியார் கதவைத் தட்டினார். கையிலிருந்த போனில், மஸ்கட்டிலிருந்து அவள் கணவன்.

"நெட்ட ஏன் அமத்துன? எம் பிள்ள அங்க ராத்திரி பூரா தூங்கலையாம்."

"நாம தூங்கும்போது நெட்டு எதுக்கு அத்தை?"

"அம்மா, சொல்லாதீங்க," என்றான் அவன் போன் ஸ்பீக்கரில்.

மாமியார் மோடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒரு குஞ்சு அவர் விரலில் ஏறியது. அவர் அதை உதறக்கூட இல்லை.

"பொண்டாட்டியத்தான பாக்கான், இதுல மறைக்க என்ன இருக்கு? அலமாரி மேல கேமரா வச்சிருக்கான். நானும் பாப்பேன். நீ வாயத் தொறந்துக்கிட்டுல்லா தூங்குத."